எழுபது சதவீத மண்டபம்

வெள்ள ஆராய்ச்சிப் பேராசிரியர் வேதசிரோமணி எண்பத்திநான்கு ஸ்லைடுகளோடு தாம்பரம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். பதினோராவது ஸ்லைடிலேயே மூன்று பேர் கண்மூடிவிட்டார்கள். ஜெபிக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

விஷயம் என்னவோ சின்னதுதான். மழைக்கால நிவாரண முகாம்களின் பட்டியலில் மாலை ஐந்து மணிக்குக் கையெழுத்து. முதல் பெயர் இரும்புலியூர் கல்யாண மண்டபம். பெரிய சமையல்கட்டு, ஜெனரேட்டர், எல்லாம் உண்டு. அவருடைய கணக்குப்படி அதற்குள் நெஞ்சளவு தண்ணீர் வர எழுபது சதவீத வாய்ப்பும் உண்டு. வெள்ளத்துக்குப் பயந்து ஓடிவரும் முந்நூறு பேரை வெள்ளத்திலேயே கொண்டுபோய் இறக்குகிற ஏற்பாடு.

"மேட்டுல இருக்கிற ஸ்கூலுக்கு மாத்திடுங்க மேடம்."

"எழுபது சதவீத வாய்ப்புன்னா, தண்ணி வருமா வராதா சார்?" என்றார் அதிகாரி மெட்டில்டா.

"வரலாம்."

"ஃபைல்ல 'வரலாம்'னு எழுதினா எனக்கு மெமோ வரும். அது நூறு சதவீதம்."

அப்போது கிளார்க் அக்தர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "சார், ஒரு டவுட்டு. உங்க பொண்ணு ரிசப்ஷன் எங்க?"

வேதசிரோமணி ஸ்லைடை நிறுத்தினார். காலையில் நுழையும்போதே ஒரு கையால் அறிக்கையும் மறு கையால் மகள் ஜோசலினின் கல்யாணப் பத்திரிகையும் எல்லோருக்கும் கொடுத்த புத்திசாலி அவர்தான். நவம்பர் 27. அதே மண்டபம்.

"டிசம்பர் பொறந்தா அட்வென்ட், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஜெபக் காலம், சபையில கல்யாணம் வைக்க மாட்டாங்க. பக்கத்துல வேற இடம் கெடைக்கல..."

"ஜனங்களுக்கு எழுபது சதவீதம். உங்க பொண்ணுக்கு மட்டும் முப்பதா சார்?" என்றார் அக்தர்.

கண்மூடியிருந்த மூவரும் விழித்துக்கொண்டார்கள். மணி நாலே முக்கால். அவர் மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"ரத்தினா, மண்டபத்தை கேன்சல் பண்றேன்."

"காலையில நல்லாத்தானே போனீங்க?"

"வெள்ளம் வரும்."

"வருமா, வரலாமா?" இருபத்தெட்டு வருஷக் குடித்தனம்.

சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். "வரும்."

"நானூறு பேருக்குப் பத்திரிகை குடுத்தாச்சு. ஒவ்வொருத்தருக்கும் நீங்களே சொல்லுங்க." இணைப்பு துண்டானது.

மெட்டில்டா பேனாவை எடுத்து மண்டபத்தை அடித்தார். பள்ளிக்கூடத்தை எழுதினார். எண்பத்திநான்கு ஸ்லைடு செய்யாததை ஒரு போன் செய்தது.

நவம்பர் 27, படப்பையில் ரிசப்ஷன். வானம் துடைத்துவைத்த எவர்சில்வர் தட்டு போல மின்னியது. இரண்டு பஸ் மாறி வந்த சொந்தங்கள் அவரை முறைத்தபடியே பிரியாணி சாப்பிட்டார்கள்.

"இந்த வெயில் எத்தனை சதவீதம்?" என்றாள் ரத்தினபாய், போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே.

எட்டாம் நாள் பிடித்தது மழை. மறுநாள் காலை, பள்ளிக்கூட மாடியில் முந்நூறு பேர் நனையாமல் உட்கார்ந்திருக்க, வேதசிரோமணி பால் பாக்கெட்டுகளைச் சுமந்துகொண்டிருந்தார். அக்தர் போன் செய்தார்: "சார், மண்டபத்துல மேடை முங்கிடுச்சு."

"ஒண்ணு புள்ளி நாலு மீட்டர், என் கணக்கேதான்," என்றார் இவர், மாப்பிள்ளை மாதிரிப் பூரித்து. உடனே வெட்கமாகப் போய்விட்டது.

"போதும், பாலை எடுங்க," என்றாள் ரத்தினபாய். சாம்பார் வாளியோடு நகர்ந்தவள், குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் குனிந்து, "இவரு சொல்லித்தாம்மா எடத்தை மாத்தினாங்க," என்றாள்.

அன்று காலை அதைக் கேட்ட ஏழாவது ஆள் அந்தப் பெண்.