தாத்தா கையில் தேனீக் கூடை

என் கணவர் தபிஷிவுக்குப் பொய் சொல்ல வராது. ஆனாலும் சொல்வார். அதுதான் எங்கள் வீட்டுத் தொல்லை.

இபார் ஆற்றங்கரையில் எங்களுக்கு நிலம் வந்தது இவருடைய தாத்தா காலத்தில். குலப் புனிதரின் திருநாளன்று வேகவைத்த கோதுமையைப் பரிமாறிய கையோடு இவர் கதையை ஆரம்பித்துவிடுவார். தாத்தா மன்னர் பக்கத்தில் நின்று வாள் வீசினாராம். எனக்குக் கல்யாணமான வருடம் மூன்று எதிரிகள் விழுந்தார்கள். மகள் தேசா பிறந்தபோது பன்னிரண்டு. போன வருடம் நாற்பது! உண்மையில் தாத்தா மன்னரின் காட்டில் கூம்புக் கூடைகளில் தேனீ வளர்த்தவர். வேட்டைக்கு வந்து காய்ச்சலில் விழுந்த மன்னரைத் தேன்மது கொடுத்து எழுப்பினார்; நிலம் கிடைத்தது. இதை என் மாமியாரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

இந்த வருடம் இவர் ஒரு தேவாலயம் கட்டினார். கட்டியவர் அதன் சிறு உருவத்தைக் கையில் ஏந்தியிருக்க, முன்னோரும் வரிசையாகச் சுவரில் ஓவியமாக நிற்பது எங்கள் வழக்கம். சலோனிக்காவிலிருந்து நிகிஃபோர் என்ற ஓவியரை வரவழைத்து, தாத்தாவுக்கு வாள் என்று சொல்லிவிட்டு, இவர் மன்னர் சபைக்குப் போய்விட்டார். அந்தக் கிரேக்கருக்கு எங்கள் பேச்சு அரைகுறை.

"அம்மா, தாத்தா வாள் நேரா? வளைஞ்சா?" என்று சமையற்கட்டுக்கே வந்து கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "வாளாவது கீளாவது! அந்த மனுஷன் கையில தேனீக் கூடையத் தவிர வேற என்னய்யா இருந்துச்சு?"

"சரிம்மா," என்று போய்விட்டார்.

திறப்புவிழாவுக்கு கிராதிஸ்லாவ் பிரபு தம் மகன் ஒப்ராதோடு பெண் கேட்க வருவதாக ஏற்பாடு. சந்தையில் ஒப்ராதைப் பார்த்ததிலிருந்து தேசாவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் தவறினால் என் பிள்ளை நொறுங்கிப்போவாள் என்று எனக்குப் பயம். அவர்களோ ஈட்டி பிடித்த வம்சம்.

விழாவன்று காலையில்தான் ஊர் திரும்பிய இவர் சுவரைப் பார்த்தார்.

"அடியே விதோசாவா! என்னடி இது?"

பார்த்த எனக்கே தூக்கிவாரிப்போட்டது. மண் பூசிய கூம்புக் கூடையைத் தாத்தா பக்தியோடு ஏந்தி நின்றார்.

"சுரண்டுய்யா!" என்று கத்தினார் இவர்.

"சாந்தோட காஞ்சு போச்சு, ஐயா," என்றார் நிகிஃபோர். அதற்குள் வாசலில் குதிரைகள் வந்துவிட்டன.

"யாராவது கேட்டா கோயில்னு சொல்லிடு," என்று என் காதைக் கடித்தார் இவர்.

கிராதிஸ்லாவ் வந்தவுடன் நேராக அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றார்.

"குவிமாடம் அழகா இருக்கே! எந்தக் கோயில் சம்பந்தி? ஒரு நாள் போய் மெழுகுவர்த்தி ஏத்தணும்."

"அது... மலைக்கு அந்தப் பக்கம்."

"எந்த மலை?"

"இடிஞ்சு போச்சுங்க."

"மலையா?"

இவர் முகம் வியர்த்துக் கொட்டியது. அப்போது தேசா முன்னால் வந்தாள். "மாமா, அது கோயில் இல்ல. தேனீக் கூடை. எங்க கொள்ளுத்தாத்தா தேன் எடுத்துப் பொழைச்சவர்."

அந்தக் கல்யாணத்துக்காக உருகியவளே அதில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாளே!

கிராதிஸ்லாவ் மீசையைத் தடவினார். "எங்க கோயில்ல எங்க தாத்தா ஈட்டியோட நிக்கிறாரே, பாத்திருக்கீங்களா?"

"என்ன கம்பீரம்!" என்றார் இவர், செத்த குரலில்.

"அது பன்னி ஓட்டுன கோலு. ஓவியன்கிட்ட சொல்லி முனையச் சீவிட்டோம்!"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பாதிரியார் கையிலிருந்த தூபக்கலசம் ஆடியது. "டேய் ஒப்ராத், இவ வந்தா நம்ம வீட்டுல ஒரு பொய் சொல்ல முடியாது. யோசிச்சுக்க."

"யோசிச்சாச்சுப்பா," என்றான் அவன், தேசாவை விட்டுக் கண்ணை எடுக்காமல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

என் கணவரோ ஓவியரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்: "ஏன்யா, ஒரு தேனீயாவது போடக் கூடாது? கோயில்னு நெனச்சுட்டாங்க பாரு!"