வரேன் என்று சொன்னவள்

"வரேன்னு சொன்னீங்களாமே, ஏன் வரல?"

முதியோர் இல்லத்து மேற்பார்வையாளர், அவள் பிழைக்க வந்த அந்த ஊர்ப் பாஷையில்தான் கேட்டார். ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்தது. விஷயம்தான் விளங்கவில்லை. நேற்று மாலை அவள் வேலை முடிந்து கிளம்பியதிலிருந்து ஜன்னலோரக் கட்டில் அம்மா படுக்கவே மாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். "அவ வரேன்னு சொல்லியிருக்கா" என்று ஒரே பிடிவாதம். கடைசியில் வாசலில் பார்க்க எழுந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

சலவை அறையில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தவளை மேல்மாடிக்கு, மனிதர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கொண்டுவந்ததே அந்தப் பாஷைதான். வகுப்புக்குப் போக நேரமேது? வீடு திரும்பும் பஸ்ஸில் தனக்குத் தானே வாத்தியார். இன்றைக்கு எங்கே தடுமாறினோம், யார் முகம் சுளித்தது, நாளைக்கு எப்படிச் சொல்வது என்று தன்னையே போட்டு வறுத்தெடுப்பாள். போனில் தன் குரலைப் பதிந்து கேட்பாள்.

"பாக்கறவன் லூசுன்னு நினைப்பான்டி" என்பான் புருஷன்.

"நினைச்சுட்டுப் போகட்டும். எனக்கு வரும்."

வரவும் செய்தது. தினமும் சும்மா கையசைத்துவிட்டுக் கிளம்புகிறவள், நேற்று தைரியம் வந்து அந்தப் பாஷையில் முழு வாக்கியமாகவே சொன்னாள்: "அம்மா, நான் வரேன்." பாழாய்ப்போன தைரியம்! அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை, சிரித்தார். சுளித்திருந்தால் தப்பைப் பஸ்ஸிலேயே பிடித்திருப்பாள். சின்ன வயதில் "போறேன்" என்றதற்குப் பெற்றவள் வாயிலேயே ஒன்று போட்டிருக்கிறாள். "வரேன்" என்பதைப் போய்த் தப்பு என்று எவள் சந்தேகப்படுவாள்?

"எங்க பாஷையில போறதுக்கும் வரேன்னுதான் சொல்லுவோம் சார்."

"அப்போ வரதுக்கு என்ன சொல்லுவீங்க?"

"அதுக்கும் வரேன்தான்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாளையிலேர்ந்து பழையபடி சலவைக்கே போயிடுங்க. அங்க பேச்சு தேவையில்ல."

அவ்வளவுதான். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் ஒரு சொல்லில் மண்ணாய்ப் போனது. அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திட்டுவார் என்று பயந்தவளின் கையை அந்த அம்மா இறுகப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும், நீ வருவேன்னு."

பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னாள். அவள் எழுந்தாள். வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"நான் போறேன்."

பிசிறில்லாமல் வந்தது. அந்த அம்மா மெல்லக் கையை விட்டுவிட்டு, எப்போது வருவாய் என்றுகூடக் கேட்காமல், போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.