செல்லாயியின் தோளுக்கு லேசர்

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. ஈப்போவில் நான் முதுகுவலிக்குப் போகும் அக்குபங்சர் கிளினிக்கில், இரண்டு பேர் தனித்தனியாக என்னிடம் சொன்ன ரகசியங்கள். இரண்டையும் கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். சேர்த்தால் கதையாகும் என்று தோன்றியது. வெட்கம் அதில்தான்.

2
கிளினிக்கில் ஊசி குத்தும் பமேலாவின் கைபட்டால் வலி பறந்துவிடும் என்று ஜெலாப்பாங் வட்டாரம் முழுக்க...

[வேண்டாம். பொய்.]

பமேலா ஊசியில் தேர்ந்தவள், லேசருக்குப் புதிது. செல்லாயிக்கு ஊசி என்றால் பயம். அதனால் லேசர் பேனாவை எடுத்தாள். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய வலது தோள். கை தலைக்கு மேல் எழாது. இருவரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, சுடாது.

(ஊசி இறங்கினால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தமாவது வரும். இதில் அதுவும் இல்லை, கருவி போடும் 'பீப்' மட்டும்தான்.)

ஆறு தடவை முடிந்தபிறகுதான் பமேலா கையேட்டை ஒழுங்காகப் படித்தாள். 'பீப்' என்றால் கருவி தயார், அவ்வளவுதான். ஒளி வர இன்னொரு பொத்தானை அழுத்த வேண்டும். அவள் ஒருநாளும் அழுத்தியதில்லை.

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுண்ணே சொல்லுவேன்? அவங்க சொகமாயிட்டேன்னு சொல்றாங்க!” என்றாள் என்னிடம்.

3
செல்லாயியை முதலில் அப்பாவியாக எழுதினேன். அடித்துவிட்டேன். வாசல் பெஞ்சில் அவள் சொன்னது இது:

“வலி அப்படியேதான் இருக்குலா. அந்தப் புள்ள மொகத்தையே பாத்து 'எப்படி ஆன்ட்டி?'ன்னு கேக்குது. சொகம்னுட்டேன். இப்ப எப்படி மாத்திப் பேசுறது?”

4
ஏழாவது தடவை.

“ஆன்ட்டி, ஒரு விஷயம்...” என்று பமேலா ஆரம்பித்தாள்.

“உன் கைராசிம்மா! நாளைக்கு ஆஸ்பத்திரியில ஸ்கேனுக்குத் தேதி. போகல. அதான் நல்லாயிருச்சே, எதுக்கு சூசா, வீண் செரமம்?”

பமேலா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பொத்தானை இந்தத் தடவை சரியாக அழுத்தினாள். முடிந்ததும் செல்லாயி இடது கையாலேயே தட்டுத்தடுமாறித் தலையில் கிளிப் குத்தினாள். பமேலா பார்த்தாள்.

“இன்னிக்கு எப்படி ஆன்ட்டி?”

“பறக்கலாம் போல இருக்குலா!”

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் நான். ஒரு வார்த்தை போதும். நான் எழுந்து...

[இந்த வாக்கியத்தை மூன்று தடவை தொடங்கிவிட்டேன்.]

5
முடிவு ஒன்று: பமேலா வாசல்வரை ஓடிச் சொல்கிறாள், இருவரும் அழுதுகொண்டே சிரிக்கிறார்கள். எழுதினேன், கிழித்தேன். நடக்கவில்லையே.

முடிவு இரண்டில் நான் இருவருக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நாளைக் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் செல்லாயியின் பெயரைக் கூப்பிடுவார்கள். பதில் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அதற்குள், இதை வாசிக்கும் நீங்களாவது அவளை அங்கே உட்கார வைத்துவிடுங்கள். நீங்கள் அவளிடம் இன்னும் பொய் சொல்லவில்லை.