243-ஆ, ஆறரையா

வெஸ்லிக்குப் பதின்மூன்று வயது முடிந்த ஜூலை மாதமே லைல் பிராண்ட்வோல்ட் தீர்மானித்துவிட்டான், மகனின் முதல் மான் துப்பாக்கி 243 என்ற சிறிய குண்டளவில்தான் என்று. விஸ்கான்சினின் வடக்குக் காடுகளில் முப்பது வருடமாக வேட்டையாடுகிறவன் அவன். அவன் கையில் இருப்பது தோளைப் பெயர்க்கும் 30-06. வெஸ்லியோ ஊதினால் பறந்துவிடுவான் போல இருந்தான். சுடும்போது தோளில் விழும் உதை குறைவாக இருக்கவேண்டும், மானும் விழவேண்டும். இரண்டுக்கும் 243 போதும்.

அதற்கு முட்டுக்கட்டை போட்டவன் மனைவி கார்லாவின் அண்ணன் டுவெய்ன்.

"243-ஆ? எதுக்கு மாப்ள, அணில் சுடவா?" என்றான், லைலின் ஐஸ்பெட்டியிலிருந்து பீரை எடுத்துக்கொண்டே. "ஆறரை வாங்கு. ஆறரை கிரீட்மோர்னு புது குண்டளவு. உதையும் கம்மி, நூல் புடிச்சாப்ல நேராப் போகும். ஊரே அதுக்கு மாறிடுச்சு."

"மாறட்டும். வீடியோ பாத்துத் துப்பாக்கி வாங்குற ஆள் நான் இல்ல."

"நல்லது சொன்னா உனக்கு என்னைக்கு ஏறியிருக்கு?"

லைல் மறுநாளே விர்ஜிலின் துப்பாக்கிக் கடைக்குப் போய் 243 வாங்கி வந்தான். வெஸ்லியை அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட சரளைக் குழியில்தான் பயிற்சி. நூறு கெஜத்தில் ஒரு காகிதத் தட்டு. முதல் சனிக்கிழமை பத்துத் தோட்டாக்களில் ஒன்று தட்டின் ஓரத்தைக் கிழித்தது. மற்றவை மண்மேட்டில் புதைந்தன. புதுசுதானே, பழகிவிடும் என்று லைல் தேற்றினான். அடுத்த வாரம் இன்னும் லேசான தோட்டா வாங்கினான். அதற்கடுத்த வாரம் பிடியின் அடியில் ரப்பர் பட்டை வைத்தான். பிறகு தொலைநோக்கியைக் கழற்றி வேறொன்று மாட்டினான். தட்டு புதுக்கருக்கு அழியாமல் அப்படியே நின்றது.

"உதைக்குப் பயந்து கண்ண மூடுறியாடா?"

"இல்லப்பா."

"அப்புறம் என்னதான் உனக்கு?"

வெஸ்லி தோளைக் குலுக்கினான். அந்தக் குலுக்கலைப் பார்த்ததும் லைலுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பக்கத்து வீட்டுக்காரரிடம் வேறு அளவில் ஒரு துப்பாக்கியை இரவல் வாங்கிக் கொடுத்தும் பார்த்தான். அதில் ஒன்றுகூடப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் டுவெய்ன் உருளைக்கிழங்கை மென்றபடி, "நான் அப்பவே சொன்னேன், ஆறரைன்னு" என்றான். லைல் முள்கரண்டியைத் தட்டில் எறிந்துவிட்டு எழுந்து போனான்.

"ஒரு துப்பாக்கிக்கு இந்த வீட்ல இவ்வளவு ரகளையா?" என்றாள் கார்லா.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் மதியம், வெஸ்லி சமையலறை மேசையில் 243-ஐத் துடைத்துக்கொண்டிருந்தான். தோட்டாவை ஏற்றும் போல்ட்டை உருவி வைத்துவிட்டு, குழல் சுத்தமாக இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தான். காபியோடு வந்த லைல் அப்படியே நின்றுவிட்டான். பையன் இடது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா அந்தக் கண்ணால பாக்குற?"

"நான் எப்பவும் இந்தக் கண்ணாலதானே பாப்பேன். வலது கண்ணுல கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும். இடது கண்ண மட்டும் தனியா மூடவும் வராது."

"இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. மொத நாளே, தட்டு ரெண்டாத் தெரியுதுன்னு சொன்னேன். லேசான தோட்டா போட்டா சரியாயிரும்னீங்க."

லைலுக்குப் பையன் சொன்னது நினைவுக்கு வந்தது. தன் பதிலும் வந்தது. காபி ஆறிப்போக, இருவரும் சரளைக் குழிக்குக் கிளம்பினார்கள். இதுவரை வலது தோளில் வைத்த துப்பாக்கியை வெஸ்லி இடது தோளில் வைத்து மூன்று முறை சுட்டான். மூன்றும் தட்டின் நடுவில், ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் வலப்பக்கத்துப் போல்ட்டை இழுக்கக் குழலுக்கு மேலே கையை வளைத்துத் திண்டாடினான். வேட்டைப் பரணில் உட்கார்ந்து, எதிரே மானை வைத்துக்கொண்டு இந்தக் கூத்து நடக்காது. போல்ட் இடப்பக்கம் இருக்கும் இடக்கைத் துப்பாக்கி வேண்டும்.

விர்ஜில் தாடியைச் சொறிந்தார். "மான் சீசனுக்கு மூணு வாரம் இருக்கு, இப்ப வந்து இடக்கை கேக்குற. ஒண்ணே ஒண்ணு இருக்கு."

"எதுல?"

"ஆறரைல."

லைல் வாசலுக்குப் போய் நின்று நான்கு மாவட்டத்துக் கடைகளுக்கும் போன் போட்டான். இடக்கையில் 243 ஜனவரிக்கு மேல்தான் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். உள்ளே வந்து, "எடுங்க" என்றான். விர்ஜில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை எடுத்தார். லைல் வீடு போய்ச் சேருமுன் டுவெய்னுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

சீசனின் மூன்றாம் நாள் காலை, மெல்லிய பனியில், எழுபது கெஜத்தில் ஒரு பெட்டை மான் வந்து நின்றது. வெஸ்லி ஒரே குண்டில் அதைச் சாய்த்தான். "அப்பா, விழுந்துருச்சாப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். லைல் அவன் ஆரஞ்சுத் தொப்பியைப் பிடித்து அழுத்தினான். அந்தக் கால்மணி நேரம் அவனுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

மதியம் கொட்டகையில் மானைத் தொங்கவிட்டபோது டுவெய்ன் பக்கத்துப் பரண்காரர்கள் இருவரைக் கூட்டிவந்துவிட்டான்.

"பாத்தீங்களா? மூணு மாசம் 243-ஐ வச்சு மாரடிச்சான். ஆறரை கைக்கு வந்துச்சு, ஒரே குண்டு!"

"மச்சான், குண்டு அளவுல ஒண்ணுமே இல்ல. அவனுக்கு இடது கண்ணுதான் பாக்குற கண்ணு. அத இத்தன நாளா நான் கவனிக்கல, அவ்வளவுதான்."

வந்தவர்களில் ஒருவர் தலையை ஆட்டி யோசித்தார். "ஓ... அப்ப இடது கண்ணுக்காரங்களுக்கு ஆறரைதான் தோதா?"

"பின்ன?" என்றான் டுவெய்ன்.

வெஸ்லி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லைல் கத்தியை எடுத்து, பின்னங்காலிலிருந்து தோலை உரிக்க ஆரம்பித்தான்.