மேய்ச்சல் நிலத்தில் ஒரே ஒரு வரிசை

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. முழுக்கக் கற்பனை என்று பீற்றிக்கொள்ள ஆசைதான், ஆனால் அக்கா இதைப் படிப்பாள். அன்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளும் மாமாவும் (அவள் கணவர், நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) பேச்சை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. என்னை நடுவில் உட்காரவைத்துவிட்டார்கள்.

"உங்க மாமாகிட்ட சொல்லு, மரம் நட்டா புல்லு ஒண்ணும் செத்துப்போயிடாதுன்னு."

"உங்க அக்காகிட்ட சொல்லு மாப்ள, அங்க இருந்த மரத்தையெல்லாம் வெட்டினதே நான்தான்னு. புல்லுக்கு வெயில் வேணும். அறுக்கிற மிஷின் நேரா போகணும்."

இரண்டு பேருக்கும் இடையில் ஒரு குழம்புப் பாத்திரம்தான் இருந்தது. நான் தபால்காரன் வேலை பார்த்துக்கொண்டே வயிறாரச் சாப்பிட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல இருக்கை எங்கே கிடைக்கும்?

2

முதல் தொடக்கம்: 'பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்த அந்த மேய்ச்சல் நிலத்தில்...'

[வேண்டாம். கோடையில் அது பச்சையாக இல்லை. பிரச்சினையே அதுதான்.]

இரண்டாவது தொடக்கம்: 'கொடுங்கோலனைப் போல ஆட்சி செய்த சூரியன்...'

[சூரியனைத் திட்டி என்ன ஆகப்போகிறது?]

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். பால் மாடுகள்தான் அவர்கள் பிழைப்பு. போன கோடையில் மாடுகள் உச்சிவேளையில் மேய்வதை நிறுத்திவிட்டன. அந்த நிலத்தில் நிழல் என்று இருப்பது தண்ணீர்த் தொட்டியின் நிழல் மட்டுமே. அதற்கு முண்டியடித்துக்கொண்டு, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து நின்றன. பால் பாதியாகக் குறைந்தது. சினையாக இருந்த கறுப்புப் பசுவுக்குக் கரு கலைந்துவிட்டது. அன்று அக்கா அழுததை மாமா எனக்குத் தனியாகச் சொன்னார். மாமா அழுததை அக்கா தனியாகச் சொன்னாள்.

இன்னொரு கோடை இப்படியே போனால் மாடுகளை விற்றுவிடுவது என்று மாமா முடிவெடுத்து, வியாபாரியிடம் பேசியும் விட்டார். மாட்டு டாக்டரம்மா வேறு வழி சொன்னார். நிலத்தில் இடைவெளி விட்டு வரிசையாக மரம் வையுங்கள், மாட்டுக்கு நிழல் ஆகும், அடியில் இருக்கும் புல்லும் சட்டென்று காயாது என்றார். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சண்டை அங்கேதான் ஆரம்பம். நான் தபால் கொண்டுபோன அந்தச் சாப்பாட்டின் முடிவில் மாமா கொஞ்சம் இறங்கிவந்தார்.

"ஒரே ஒரு வரிசை. மாடு மிதிச்சுப் போட்டுச்சுன்னா, மறுபடி நடணும்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

இதை அவர் நேராக அக்காவைப் பார்த்தே சொன்னார். என் வேலை போய்விட்டது.

3

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. மாமாவை விட்டால் வேறு ஆள் இல்லை. அவருடைய மீசையைக் கொஞ்சம் முறுக்கிவிட்டேன்.* குரலை ஏற்றினேன். அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து அவர் செடிகளைப் பிடுங்கி எறிவதாகக்கூட ஒரு பக்கம் எழுதினேன். எழுதியதை நானே நம்பவில்லை.

(* அவருக்கு மீசையே கிடையாது.)

நடந்தது வேறு. அக்கா ஒரு வரிசை மரக்கன்றுகளை நட்டு, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் மூன்று கம்புகள் ஊன்றிக் கம்பிவலை கட்டினாள். இனி மாடு இலையில் வாய்வைக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தாள். சில நாட்களிலேயே கம்புகள் எல்லாம் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் மாதிரி சாய்ந்து நின்றன. இரண்டு செடிகள் ஒடிந்து கிடந்தன.

'இனி அவ்வளவுதான் என்று அக்கா மண்வெட்டியை வீசியெறிந்து...'

[எறியவில்லை. அவள் சாமான்களை எறிகிற ஆள் இல்லை. கம்புகளை நிமிர்த்தி இறுக்கினாள். மறுநாள் மறுபடி சாய்ந்திருந்தன.]

'நான் அப்பவே சொன்னேன்' என்று மாமா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு காலை முழுக்க வேலியோரம் நின்று மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை இலைக்காக வரவே இல்லை. ஒவ்வொன்றாக வந்து கம்பில் கழுத்தைத் தேய்த்தன, அப்புறம் விலாவைத் தேய்த்தன, கண்ணை மூடிக்கொண்டு சொக்கி நின்றன. மரமே இல்லாத நிலத்தில் பாவம், உடம்பு சொறிய அவற்றுக்கு இதுவரை எதுவுமே இருந்ததில்லை.

மறுநாள் நிலத்தின் நடுவில் இரண்டு தடித்த மரக்கட்டைகள் நின்றன. ஆழமாகக் குழி தோண்டி, கல் போட்டு இறுக்கியிருந்தார் மாமா. (அவர் முன்பு வெட்டிய மரங்களின் கட்டைகளே அவை என்று எழுதினால் பிரமாதமாக இருக்கும். இல்லை, மரக்கடையில் வாங்கியவை.)

"எதுக்குங்க இது?" என்றாள் அக்கா.

"அதுங்களுக்கு உடம்பு அரிக்குது. வேற எதுக்கு?"

"அப்ப ஒடஞ்ச ரெண்டையும்..."

"குழி எடுத்து வெச்சிருக்கேன். போய்ப் பாரு."

என் வில்லன் கைவிட்டுப் போனார். கதைக்கு நஷ்டம்தான். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

4

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

ஒன்று: 'எட்டு ஆண்டுகள் கழிந்தன. மரநிழலில் மாடுகள் படுத்து அசைபோட்டன.' அக்கா படித்துவிட்டுக் காகிதத்தை என்னிடமே திருப்பித் தந்தாள்.

"எட்டு வருஷத்த ஒரே வரியில தாண்டிட்டியாடா? நடுவுல எத்தன கோடை கெடக்கு! இப்ப இருக்கிற நிழலுக்கு ஒரு கோழி வேணா ஒண்டிக்கலாம்."

அவள் சொல்வது சரி. வரப்போகிற கோடைக்கு அந்த வரிசை உதவாது. மாமா தொழுவத்தை ஒட்டி ஒரு பந்தல் போடுகிறார். உச்சிவேளையில் மாடுகளை அங்கே கட்டிவிட்டு, வெயில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் மட்டும் மேயவிடப்போகிறார். கறுப்புப் பசு மறுபடி சினையாக இருக்கிறது. வியாபாரியிடம், இந்தக் கோடை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை.

இரண்டு: செடிகள் கருகிவிடுகின்றன, லாரி வருகிறது, மாடு ஏறுகிறது. கதை என்றால் பக்கத்திலேயே வராத மாமா, இதை மட்டும் நின்றபடியே படித்தார்.

"எந்த மாட்ட ஏத்துறாங்க?"

"ஏதோ ஒரு மாடு, மாமா. கதைதானே."

"ஏதோ ஒரு மாடுன்னு எதுவும் இல்ல மாப்ள."

அதற்குமேல் எனக்கு எழுத ஓடவில்லை.

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. மரங்கள் வளர்ந்துவிட்டன என்று எழுதப்போகிறீர்களா? தாராளமாக எழுதுங்கள், ஆனால் ஒவ்வொரு கோடையாகக் கடந்து வாருங்கள். லாரிதான் வரும் என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள். எது முதலில் ஏற வேண்டும் என்று மட்டும் நீங்களே சொல்லிவிட வேண்டும். நெற்றியில் வெள்ளை உள்ளதா, தொட்டியை யாருக்கும் விட்டுக்கொடுக்காத கிழவியா, பால் கறக்கும்போது அக்காவின் சட்டைக் கையை நக்கும் கடைக்குட்டியா? மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

நான் கிளம்புகிறேன். இந்த வாரம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் முறை.