பட்டுத்துணிக்குள் எட்டாயிரம்

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேகப் பைத்தியங்கள் இருபத்து மூன்று பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதற்கு நான்தான் தலைமைப் பரிசோதகன். பழவங்காடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஆர்ஷா, புது மெமரி வந்தால் முதலில் என்னிடம்தான் தருவாள். நான் ஓட்டிப் பார்த்து நல்லது என்றால் மொத்தக் குழுவும் வாங்கிவிடும். இந்தப் பதவிக்காக மகேஷ்குமார் என்பவன் இரண்டு வருடமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறான்.

இந்த முறை வந்தது எட்டாயிரம் வேகத்தில் ஓடும் ராம், அதாவது மெமரி. விஜயதசமி காலை விற்பனை.

"சுமந்த், நவமி ஆறு மணிக்குள்ள ரிவ்யூ வரணும். இல்லைன்னா இனிமே எல்லாம் மகேஷ்குமாருக்குத்தான், கேட்டோ" என்றாள் ஆர்ஷா.

அஷ்டமி சாயங்காலம் ராமைச் செருகி, பரிசோதனை தானாகத் தொடங்கும்படி அமைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் கம்ப்யூட்டர் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறது. மானிட்டருக்குப் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. மாமனார் பஞ்சாபகேசன் மணி அடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, உங்க ஆயுதம் இதுதானே. பூஜைக்கு வெச்சாச்சு. இனிமே தசமி கார்த்தாலைதான்."

பூஜை வைத்துவிட்டால் விஜயதசமி வரை படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. மாமனார் இதில் எமகாதகர். பஸ் போர்டைக்கூடப் படிக்க மாட்டார். போன வருடம் நவமி அன்று தம்பானூரில் குத்துமதிப்பாக ஏறி, கொல்லத்தில் போய் இறங்கினார்.

மறுநாள் மத்தியானம் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாமா, ஓடவாவது விடுங்கோ. என் மானம் போயிடும்."

அவர் வெகுநேரம் யோசித்தார். "ஓடறதுல தப்பில்லை. துணியை எடுக்கப்படாது."

"கீபோர்டு?"

"எழுத்தைத் தொடாதேங்கோ. அம்புக்குறி தட்டறது எழுதறதுல சேராது."

வேகத்தை ஏற்றும் மெனு எனக்குத் தலைகீழ்ப் பாடம். பட்டுத்துணியைப் பார்த்தபடியே கீழே நாலு, என்டர், வலது ஒன்று, என்டர் என்று தட்டினேன். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. நாலு மணி நேரம் காத்திருந்தேன். மாமனார் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். பெட்டியைத் தொட்டேன், சூடே இல்லை. காதை வைத்தேன், ஒரு முனகல் இல்லை. இப்படி ஒரு ராமை நான் கண்டதே கிடையாது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

எழுதத்தான் கூடாது, பேசலாம் அல்லவா? ஆறு மணிக்குக் குழுவுக்கு ஏழு நிமிடம் குரல் பதிவு அனுப்பினேன்.

"எட்டாயிரத்துல நாலு மணி நேரம். ஒரு எரர் இல்லை. அந்த ஸ்மூத்னெஸ் விரல்லயே தெரியறது."

பார்க்காமல் எப்படிச் சொன்னாய் என்று கேட்காதீர்கள். பத்து வருட அனுபவம் பேசியது. அணைப்பதென்றால் மெனுவைப் படிக்க வேண்டுமே என்று கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டேன்.

விஜயதசமி காலை பதினெட்டுப் பேர் ஆர்டர் போட்டிருந்தார்கள். கேட்கும்போதே வேகம் தெரிந்ததாக ஒருவன் எழுதியிருந்தான். மகேஷ்குமார் லட்டுப் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, ஒத்துக்கிட்டேன். இனி நீங்கதான் பெர்மனென்ட். அந்த ரிசல்ட்டை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

மாமனார் விளக்கேற்றி, பட்டுத்துணியை எடுத்து மடித்து வைத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விஜயதசமி அன்று முதலில் கண்ணில் படுவதை உரக்கப் படிப்பது அவர் வழக்கம். திரையில் இருந்த ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழாக்கிப் படித்தார்.

"மெமரி... இந்த வேகத்தில்... தொடங்கவில்லை. மேலே செல்ல... எஃப் ஒன்றை அழுத்தவும்."

மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து இதையேதான் கேட்டுண்டு நின்னுதா, மாப்ளே?"

மகேஷ்குமார் போட்டோ எடுத்தான். பிறகு லட்டுப் பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, ராமையும் கழற்றித் தரச் சொன்னான்.