இரண்டாவது பொத்தான்

தம்பி படம் எடுக்கிறான் என்றால் அக்காவுக்குத் தலைகால் புரியாது. அவன் எடிட்டிங் கற்றுக்கொண்ட புதிதில் வீட்டில் போட்டுக் காட்டிய துண்டுப் படத்துக்குக் கதாநாயகியே அவள்தான். பால் பொங்குகிறதா என்று அடுப்பைப் பார்த்து நின்ற முகம், வேறொன்றும் இல்லை. அந்த முகத்துக்கு அடுத்து ஒரு பூனைக்குட்டியை ஒட்டினான். அக்கா பாசத்தில் உருகினாள். அதே முகத்துக்கு அடுத்து, வாயைப் பிளந்து குறட்டை விடும் அவள் கணவரை ஒட்டினான். அக்கா கொலைவெறியில் நின்றாள். "ஒரே முகம்டா பாவி!" என்று வயிறு வலிக்கச் சிரித்தவளும் அவள்தான். கணவரும் சிரித்தார். அப்போதெல்லாம் அவர் சிரிக்கிற மனிதராக இருந்தார்.

பிறகு அவர் மேற்பார்வையாளராக இருந்த கிடங்கில் தீப்பிடித்தது. பின்கதவு பூட்டிக் கிடந்ததால் இரண்டு பேர் வெளியே வர முடியாமல் செத்துப்போனார்கள். சாவி முதலாளியிடம் இருந்தது. அந்தச் சாவியைக் கேட்டுக் கேட்டு இவர் வாய் வலித்துப்போனது அக்காவுக்குத்தான் தெரியும். வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அந்தப் புலம்பல் ஆரம்பித்துவிடும். விசாரணை யாரையும் குற்றம் சொல்லாமல் முடிந்தது. ஊர் வாய் மட்டும் மூடவில்லை. சாவியைக் கேட்கக்கூடச் செய்யாத ஆள் என்று இவர் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். முதலாளியைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை, அவர் புதுக் கிடங்கு கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தீயைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கப்போவதாகத் தம்பி வந்து சொன்னான். "மாமா பக்கத்து நியாயத்தை யாருமே சொல்லலக்கா. நான் சொல்றேன்."

கணவர் கேமரா முன்னால் உட்கார முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். "எல்லாம் அவளுக்குத் தெரியும் மாப்ள. அவளையே கேளு." கேமராவைக் கண்டதும் அவர் வீட்டை விட்டே கிளம்பிப் போய்விட்டார்.

அக்கா முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து பேசினாள். "மாமா உண்மையிலேயே சாவி கேட்டாரா அக்கா?" என்று தம்பி கேட்டபோது மேஜையில் அடித்துச் சொன்னாள்: "கேட்டாரு. தினம் தினம் கேட்டாரு. மனுஷன் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உட்கார்ந்தும் அதைத்தான் சொல்லிப் புலம்புவாரு. யார் வேணா என் முன்னாடி வந்து நின்னு இல்லைன்னு சொல்லட்டும்!" பேசி முடித்ததும் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியதுபோல இருந்தது.

கிளம்புவதற்கு முன் தம்பியோடு வந்திருந்த ஒலிப்பதிவாளர் எல்லாரையும் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கச் சொன்னார். ஒவ்வொரு அறைக்கும் அதற்கென்று ஒரு சத்தம் உண்டாம். யாரும் பேசாமல் அதைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டால், பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் வெட்டு தெரியாமல் அடியில் விரித்து விடலாமாம். அப்படியும் ஒரு வேலையா என்று அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே தம்பி நின்றான். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. அந்த இடைவெளியில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானோ இல்லையோ, பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இல்லையே என்று அவளுக்குக் கண் கலங்கியது. தலையைக் குனிந்துகொண்டாள்.

படம் முடிந்ததும் ஒரு சின்னத் திரையரங்கில் தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினான். கிடங்கில் வேலை பார்த்தவர்களும் வந்திருந்தார்கள். கணவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அன்றோடு தன் மேல் இருக்கிற கறை போய்விடும் என்று அவர் நம்பினார், அக்காவும் நம்பினாள்.

படம் நன்றாகத்தான் இருந்தது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கருகிய கதவு, பூட்டு மட்டும் திரை முழுக்க, எங்கோ சாவிக்கொத்து குலுங்கும் சத்தம். மொத்த அரங்கும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டது. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு திரை இருண்டு, தம்பியின் குரல் மட்டும் கேட்டது: "மாமா உண்மையிலேயே சாவி கேட்டாரா அக்கா?"

அவள் முகம் வந்தது. பேசவில்லை. கேமரா மெல்ல மெல்ல அவளிடம் நகர்ந்து வந்தது. கண் கலங்கியது. தலை குனிந்தது. அறையின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் மறுபடியும் கருகிய கதவு.

"அடப்பாவி, கேட்கவே இல்லையா!" என்று பின்வரிசையில் ஒரு குரல்.  "நான் சொன்னேங்க, நான் பதில் சொன்னேன்" என்று அக்கா கணவரின் கையைப் பிடித்தாள். அவர் கையை உருவிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் தேய்த்த சட்டையைக் கழற்றி வீசினார். பிறகு கேட்டார். "தலையைக் குனிஞ்சியே, அப்போ என்ன நினைச்சுக்கிட்டு இருந்த?"

"தம்பி சட்டைல பொத்தான் இல்லைங்க. அதைப் பார்த்தேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு பேர் செத்த விஷயத்துல பொத்தான்! ஊரெல்லாம் என்ன சொன்னாலும் நீ நம்புறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்." உண்மையைச் சொல்லியும் அது பொய்யைவிடக் கேவலமாக இருந்ததில் அக்காவுக்கு அழக்கூட வரவில்லை.

மறுநாள் கணவரை வம்படியாக இழுத்துக்கொண்டு தம்பியின் எடிட்டிங் அறைக்குப் போனாள். ஜன்னலை அட்டை வைத்து மறைத்த சின்ன அறை, இரண்டு திரைகள், காய்ந்துபோன டீ கோப்பைகள். தம்பி அதே சட்டையில்தான் இருந்தான்.

"வெட்டாததைப் போடு" என்றாள்.

போட்டான். மேஜையில் அடித்து அவள் பேசுவது கணீரென்று வந்தது. அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் இளகவில்லை.

"இது ஒட்டினது இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும் மாப்ள? நேத்து பார்த்ததும் நிஜம் மாதிரிதான் இருந்துச்சு. அவ வாய் திறக்காம இருந்தாளே, அதை முழுசாப் போடு."

தம்பி தயங்கினான். பிறகு போட்டான். அதே முகம், அதே கலங்கிய கண். தலை குனிந்த இடத்தில் அவன் விரல் நிறுத்தப் போனது.

"கையை எடு. ஓடட்டும்" என்றார் கணவர்.

திரைக்கு வெளியே இருந்து ஒலிப்பதிவாளர் "போதும்" என்றார். அவர் வாய் மூடுவதற்குள் அக்காவின் குரல் வந்தது. "டேய், ரெண்டாவது பொத்தான் எங்கடா? கழட்டிக் கொடு, தைச்சுத் தரேன். எலும்பும் தோலுமா நிக்கிற, பார்க்கவே வயித்தெரிச்சலா இருக்கு."

கணவர் தம்பியின் சட்டையைப் பார்த்தார். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நூல் தொங்கியது. அவர் அக்காவின் தோளில் கை வைத்தார். "தப்பா நினைச்சுட்டேன்மா" என்றார்.

அக்கா தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தை வெட்டும்போது இந்தக் குரல் அவன் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. எத்தனை தடவை முன்னும் பின்னும் ஓட்டிக் கேட்டிருப்பான். கேட்டுவிட்டுத்தான் அதற்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டியிருக்கிறான்.

"ஏன்டா?"

"பதில் சொல்ற முகத்தை யாருக்கா உட்கார்ந்து பார்ப்பாங்க? பதில் சொல்லாத முகத்தைத்தான் பார்ப்பாங்க. அரங்கமே மூச்சை அடக்கிக்கிச்சே, நீயும்தான் பார்த்த! உன் பதிலைப் போட்டா படம் அங்கேயே படுத்துடும். மாமா மேல எனக்கு ஒண்ணும் இல்லக்கா."

"என் பதிலைத் திரும்பச் சேர்த்துடு."

"படம் டிவிக்குப் போயாச்சு. அடுத்த வாரம் போடுறாங்க. இனி கை வைக்க முடியாது." திரையைப் பார்த்தே சொன்னான்.

அக்கா கைப்பையைத் திறந்தாள். கணவரின் பழைய சட்டையில் இருந்து அறுத்தெடுத்த வெள்ளைப் பொத்தான் ஒன்று, ஊசியும் நூலுமாகச் சின்னக் காகிதத்தில் மடித்துப் பைக்குள்ளேயே கிடந்தது. அவன் வீட்டுக்கு வரும்போது தைக்கலாம் என்று, படம் பிடித்த அன்றைக்கே எடுத்து வைத்தது. பிரித்து அவன் மேஜையில் வைத்தாள்.

"நீயே தைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கணவரோடு வெளியே நடந்தாள். "அக்கா" என்று அவன் கூப்பிட்டான். அவள் பதில் சொல்லவில்லை.